இடிக்கப்பட்ட தெருவில் ஒரு குடும்பத்தைத் தேடுவது எப்படி: பாஸ்டனின் வெஸ்ட் எண்ட்

நகராட்சிகள் நலிந்த பகுதிகளை வாங்கி இடிப்பதில் ஏற்படும் நிகரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை அமெரிக்க மத்திய அரசே ஏற்க வழிசெய்த 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் துணையுடன், பாஸ்டன் நகரம் இத்தாலியரும் யூதரும் அயர்லாந்துக்காரரும் கலந்து வாழ்ந்த வெஸ்ட் எண்ட் பகுதியைத் தரைமட்டமாக்கியது. 1958 ஏப்ரலில் வெளியேற்ற அறிவிப்புகள் வந்தன; ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் வீடிழந்தன.

அங்கு வாழ்ந்த ஒரு குடும்பத்தைத் தேடுபவர் இன்றைய வரைபடத்தை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். லெவரெட் தெரு மறைந்து, லெவரெட் சந்திப்பு என்ற பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆகவே, சான்போர்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். அதில் இளஞ்சிவப்பு நிறம் செங்கல் கட்டடத்தையும் மஞ்சள் நிறம் மரவீட்டையும் குறிக்கும்; மாடிகளின் எண்ணிக்கையும் கதவிலக்கமும் உண்டு. ஆவணங்களில் வரும் 'ஸ்லம்' என்ற சொல்லைக் குடிசைப்பகுதி என்று பெயர்த்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். இடிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பல மாடிச் செங்கல் கட்டடங்கள்.

கதவிலக்கம் கிடைத்தபின் 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குச் செல்லலாம். தனிநபர் விவரங்களை வெளியிடாமல் வைத்திருக்கும் 72 ஆண்டுக் காப்புக்காலம் முடிந்து, 2022 ஏப்ரல் 1 முதல் அதன் படிவங்களை அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்க முடிகிறது. பெயரைத் தட்டித் தேடுவதை மட்டும் நம்பாதீர்கள்: கையெழுத்தை இயந்திரம் படித்து உருவாக்கிய பட்டியல் என்பதால் இத்தாலியக் குடும்பப்பெயர்கள் எளிதில் சிதைந்துவிடும். மாறாக, தெருவுக்குரிய கணக்கெடுப்பு வட்டத்தின் (ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கப்பட்ட பகுதியின்) எண்ணைக் கண்டறிந்து, இடப்பக்க ஓரத்தில் பெரும்பாலும் செங்குத்தாக எழுதப்பட்டிருக்கும் தெருப்பெயரைப் பிடித்தபடி ஒவ்வொரு தாளாகப் புரட்டுவதே, சலிப்பூட்டினாலும், பலன் தரும் வழி.

இந்தக் கணக்கெடுப்பு இடிப்புக்கு எட்டு ஆண்டுகள் முந்தையது. இடைவெளியை நிரப்ப, பாஸ்டன் நகரம் ஆண்டுதோறும் தெருவாரியாக அச்சிட்ட குடியிருப்போர் பட்டியல்களைப் பாருங்கள். பெயர் எந்த ஆண்டில் மறைகிறது என்பது அவற்றில் தெரியும்.

நேரில் செல்பவர்கள் சான்போர்ன் வரைபடத்தில் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவைக் கொண்டு, இடிபடாமல் நின்ற ஏதேனும் ஒரு கட்டடத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடலாம். அதற்குக் கேம்பிரிட்ஜ் தெருவிலுள்ள ஓல்ட் வெஸ்ட் தேவாலயம் ஏற்றது. அருகிலுள்ள ஓட்டிஸ் இல்லத்தைக் கொள்ள வேண்டாம். தெருவை அகலப்படுத்தியபோது, 1925ஆம் ஆண்டுவாக்கில், அதை அப்படியே பெயர்த்துப் பின்னால் நகர்த்திவிட்டார்கள்.