ஓவர்ச்சர் கேட்கும் முன் வால்யூமை எங்கே வைப்பது?

இத்தாலிய இசையமைப்பாளர் ரொஸ்ஸினியின் 'வில்லியம் டெல்' (1829) ஓப்பராவின் ஓவர்ச்சரை, அதாவது பாட்டு தொடங்கும் முன் வரும் வாத்திய இசையைப் போட்டதும், "சத்தமே வரலையே" என்று வால்யூமைக் கூட்டிவிடாதீர்கள். அது ஐந்து தனி செல்லோக்கள் (வயலின் குடும்பத்தின் பெரிய, கனத்த குரல் வாத்தியம்) தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொள்ளும் இடம். நடுவே எங்கோ தூரத்து இடிபோல டிம்பனி என்ற பெரிய முரசு லேசாக உருளும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. இரண்டு மூன்று நிமிடத்தில் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவிகளோடு, புயலைச் சித்தரிக்கும் இசை பாயும். வால்யூமைக் கூட்டிவைத்திருந்தால் காது வலிக்கும்.

அதனால் முதலில் புயல் பகுதிக்குப் போங்கள். அங்கே முழக்கமாக, ஆனால் உறுத்தாமல் கேட்கும்படி வால்யூமை வைத்துவிட்டு, ஆரம்பத்துக்குத் திரும்புங்கள். பிறகு தொடவே வேண்டாம். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'ரைன்கோல்டு' ஓப்பராவின் பிரெலூடுக்கு (இதுவும் ஒரு முன்னிசைதான்) ஹெட்போன் கட்டாயம். அதன் 136 பார்களும் (தாள அளவுகள்) ஒரே இ-ஃபிளாட் கார்டுதான், அதாவது ஒரே சுரக்கூட்டுதான். தொடக்கத்தில் டபுள் பேஸ்கள் (செல்லோவைவிடப் பெரிய தந்தி வாத்தியம்) பிடிக்கும் கீழ்ச்சுரம் ஏறத்தாழ 39 ஹெர்ட்ஸ்; அதற்காகப் பாதிப் பேர் தந்தியைத் தளர்த்தி வாசிக்கிறார்கள். போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. அதன்மேல் எட்டு ஹார்ன்கள் (சுருண்ட பித்தளை ஊதுகருவிகள்) ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதைக் கேட்டுப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்.

இந்த பிரெலூட் நிற்காமல் நேராகப் பாட்டுக்குள் போகும். ஆகவே பாட்டு கேட்கும் ஆப்பில், ஒரு டிராக்கை அடுத்ததோடு கலக்கும் 'கிராஸ்ஃபேட்' அணைந்திருக்கட்டும், டிராக்குகளுக்கு இடையே இடைவெளி விடாத 'கேப்லெஸ்' இயங்கட்டும்.