பேரல் டியூனர் மாட்டியும் குண்டு சிதறுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினார். அந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கல்லூரி என்.சி.சி.யில் முதல் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, அந்த ஆசை விடாமல் போட்டி ரைபிளுக்கு வந்த தம்பிமார்கள் பேச்சோடு பேச்சாக இதையும் கேட்கிறார்கள்: "அண்ணே, டியூனர் ஒண்ணு வாங்கிப் போட்டா குரூப் சுருங்குமா?"

குரூப் என்றால் ஒரே குறியைப் பார்த்துச் சுட்ட குண்டுகள் அட்டையில் விழுந்த பரப்பு. அது சுருங்க வாய்ப்பு உண்டு. ஆனால் டியூனர் எந்த வேலைக்கு ஆனது என்று தெரியாமல் மாட்டினால் காசும் போகும், தோட்டாவும் போகும்.

டியூனர் என்பது குழலின் வாய்ப்பக்கம் மாட்டுகிற, முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஓர் எடை. சுடும்போது குழல் மேலும் கீழும் அதிர்கிறது. போட்டி ரைபிளின் .22 (0.22 அங்குலக் குறுக்களவு) குண்டு மெதுவானது, நொடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வேகம்தான். அதனால் அதிர்கிற குழலுக்குள் அது அதிக நேரம் இருக்கிறது. தூண்டில் கம்பின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டினால் கம்பு ஆடுகிற ஆட்டம் மாறுமே, அதே கதைதான் இங்கேயும். எடையைச் சரியான இடத்தில் நிறுத்தினால், வேகம் குறைந்த குண்டு வெளியேறும் நொடியில் குழல்வாய் கொஞ்சம் மேலே பார்க்கும். வேகமான குண்டு வெளியேறும்போது சற்றுக் கீழே பார்க்கும். இரண்டும் அட்டையில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் போய் விழும்.

இது ஏன் முக்கியம்? நல்ல போட்டித் தோட்டாவிலும் ஒரே பெட்டிக்குள் நொடிக்கு 8 முதல் 10 மீட்டர் வரை வேக வித்தியாசம் வரலாம். 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால், 50 மீட்டர் தூரத்தில் ஒரு குண்டு இன்னொன்றைவிட ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் கீழே இறங்கும். பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான். பெரிய தோட்டா ரைபிள்காரர்கள் வெடிமருந்தை எடை போட்டுத் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். .22-இல் அதற்கு வழியில்லை. தோட்டாவைக் குழலுக்கு ஏற்ப மாற்ற முடியாததால், குழலைத் தோட்டாவுக்கு ஏற்ப இசைக்கிறோம்.

ஆக, டியூனரின் வேலை உயரச் சிதறலைக் குறைப்பது. முதல் தவறே பக்கச் சிதறலுக்கும் அதைத் திருகுவதுதான். அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓட்டைகள் நெடுக்காக, ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கியிருந்தால் டியூனருக்கு வேலை இருக்கிறது. குறுக்காகப் பரவியிருந்தால் காற்றையும் விசை இழுக்கும் விரலையும்தான் பார்க்க வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கிற காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. நொடிக்கு 5 மீட்டர் வேகப் பக்கக் காற்றே .22 குண்டை 50 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குண்டை வலப்பக்கம் சுழற்றும் குழலில், வலதுபக்கக் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளுவதோடு கொஞ்சம் மேலேயும் ஏற்றும். இடதுபக்கக் காற்று வலப்பக்கம் தள்ளிக் கீழே இறக்கும். மாறி மாறி அடிக்கிற காற்றில் டியூனரைச் சோதித்தால், காற்று செய்த உயர வித்தியாசத்தை டியூனர் செய்ததாக நினைத்துத் திருகிக்கொண்டே இருப்போம். கடற்காற்று கிளம்புவதற்கு முந்தைய காலை வேளையில், ரேஞ்சில் (சுடுதளத்தில்) கட்டிய துணி அசையாமல் தொங்கும்போது சோதியுங்கள். காற்று எழும்பிவிட்டால் அன்றைய சோதனையை நிறுத்திவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அஞ்சு குண்டை நம்புவது. டியூனரின் ஒரு நிலையில் அஞ்சு, அடுத்த நிலையில் அஞ்சு என்று வரிசையாகச் சுட்டுவிட்டு, மிகச் சிறிய குரூப்பைப் பார்த்து "இதுதான் இடம்" என்று பூட்டிவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே நிலையில் குண்டு சிதறும். டியூனர் கெட்டுப்போச்சு என்பார்கள். டியூனர் கெடவில்லை. எதையுமே மாற்றாமல் ஒரே நிலையில் அஞ்சஞ்சாகச் சுட்டுப் பாருங்கள், ஒரு குரூப் இன்னொன்றின் இரண்டு மடங்காக வரும். அந்த இயல்பான ஏற்ற இறக்கத்தில் தற்செயலாகச் சிறுத்த ஒன்றைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். டியூனர் பலன் தருமா தராதா என்று அனுபவசாலிகளுக்குள்ளேயே வாக்குவாதம் நடப்பதற்கு இந்தக் குறைந்த எண்ணிக்கைச் சோதனைகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

முதல் சுற்றில் தெளிவாகக் கெட்ட நிலைகளை மட்டும் கழித்துவிடுங்கள். மிஞ்சியவற்றில் ஒவ்வொன்றுக்கும் பத்துக் குண்டு குரூப்புகள் சில, முடிந்தால் வேறு வேறு நாட்களில் சுடுங்கள். குரூப்பின் மொத்த அகலத்தை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் அளந்து நோட்டில் எழுதுங்கள். டியூனரில் குறித்திருக்கும் ஒரே ஓர் எண்ணில் பிரமாதமாக விழுந்து, பக்கத்து எண்களில் சிதறினால் அதை நம்பாதீர்கள். அக்கம்பக்கத்து எண்களும் நன்றாக இருக்கிற பகுதியின் நடுவில் நிறுத்துங்கள். முழுச் சுற்றாகத் திருகினால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவோம். ஓரிரு கிளிக்காக நகர்த்துங்கள்.

வரிசை மாறுவதும் வழக்கமான பிழை. ரைபிளின் கட்டையைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கும், ஸ்கோப் பிடிப்பு ஆடும், அதற்குள் டியூனருக்குப் போய்விடுவார்கள். முதலில் திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். பிறகு எந்தத் தோட்டா உங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று டியூனர் இல்லாமலே பாருங்கள். தோட்டா ஈலி டெனெக்ஸ் ஆகட்டும், லாபுவா சென்டர்-எக்ஸ் ஆகட்டும், பெயர் ஒன்றாக இருந்தாலும் லாட் எண் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) மாறினால் சுடுகிற விதம் மாறும். டியூன் செய்த லாட்டிலேயே போதுமான அளவு வாங்கி வையுங்கள். வெயிலில் நிற்கிற காருக்குள் பெட்டியை விடாதீர்கள், குண்டின் மேல் பூசிய மெழுகு இளகிவிடும். குழலைத் துடைத்த பிறகோ, தோட்டா வகையை மாற்றிய பிறகோ சுடுகிற முதல் சில குண்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

டியூனர் மாட்டக் குழலில் மரை வெட்ட வேண்டும் என்று லேத் பட்டறைக்கு ரைபிளைக் கொண்டுபோகாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி அதற்கான உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவோ மாற்றியமைக்கவோ கூடாது. பட்டறைக்காரருக்கும் வம்பு, உங்கள் உரிமத்துக்கும் வம்பு. மரை இல்லாமல் இறுக்கிப் பிடிக்கிற வகை டியூனர்கள் இருக்கின்றன. எந்த வகையானாலும் குண்டு போகும் துளைக்கு நேராக உட்கார வேண்டும். சில குண்டுகள் சுட்டபின் ரைபிளைக் காலி செய்து, டியூனரின் உள்வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈயக் கீறல் தெரிந்தால் குண்டு உரசுகிறது. உடனே கழற்றுங்கள்.

டியூனரைத் திருகும்போது கை குழல்வாய்க்கு நேரே போகிறது. இதில் ஒருபோதும் அவசரப்படக் கூடாது. தோட்டாவை எடுத்து, போல்ட்டைத் திறந்து, அறை காலி என்று கண்ணால் பார்த்து, அறைக்கொடியை (அறை காலி என்று மற்றவர்களுக்குக் காட்டும் கொடி) செருகிய பிறகே கை முன்னால் போக வேண்டும். ஒரு கிளிக்தானே என்று இதைத் தாண்டுகிறவர்களை ரேஞ்சில் யாரும் அனுமதிக்கக் கூடாது.

மேசையில் மணல்மூட்டை வைத்து டியூன் செய்துவிட்டு, வார் (ரைபிளைத் தாங்கும் பட்டை) மாட்டிப் படுத்துச் சுடும்போது அதே பலனை எதிர்பார்ப்பதும் தவறு. பிடிப்பு மாறினால் அதிர்வும் மாறலாம்; கடைசிச் சோதனையைப் போட்டி நிலையிலேயே செய்யுங்கள். டியூனர் ஏறியதும் ரைபிளின் முன்பாரம் கூடும், குண்டு விழும் இடமும் நகரும். குண்டு நடுவில் விழும்படி சைட்டைத் திரும்ப ஜீரோ செய்யுங்கள். போட்டி விதியில் ரைபிளின் மொத்த எடைக்கு வரம்பு உண்டு என்பதால், போட்டிக்கு முன் ரைபிளைப் பரிசோதிக்கிற மேசைக்குப் போகுமுன் நீங்களே எடை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

குளச்சல், கன்னியாகுமரி போலக் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. உப்புக் காற்றின் ஈரம் டியூனர் பிடித்திருக்கும் இடத்துக்கு அடியில் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். அடிக்கடி கழற்றித் துடைத்து, எண்ணெய் மெலிதாகப் பூசுங்கள். கழற்றுமுன் எந்த எண்ணில் நின்றது, குழலில் எவ்வளவு உள்ளே போயிருந்தது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டியபின் பத்துக் குண்டு சுட்டு, உயரத்தைப் பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.