செயற்கூறுக்குள் ஸ்டாட்டிக் மாறி: மோட்டார் கொட்டகையில் கண்ட தவறுகள்

திருவையாற்றுப் பக்கம் உறவினர் ஒருவரின் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு, ஆர்டுயினோ ஊனோ என்ற, எட்டுப் பிட்டுச் சில்லுள்ள சிறு கணினிப் பலகையை வைத்து ஒரு கட்டுப்பாட்டுக் கருவி செய்துகொடுத்தேன். மோட்டாரை ஓடவிடும் பச்சைப் பொத்தானை மட்டும் இணைத்துச் சோதித்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. நிறுத்துவதற்கான சிவப்புப் பொத்தானையும் இணைத்ததும், எதை அழுத்தினாலும் கருவி அசையவில்லை. ஒயர்களைச் சந்தேகித்து ஒரு பகல் முழுவதும் கழிந்தது. தவறு, பொத்தானைப் படிக்கும் செயற்கூறுக்குள் (நிரலில் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு பகுதி) நான் அறிவித்திருந்த இரண்டு ஸ்டாட்டிக் மாறிகளில், அதாவது செயற்கூறு முடிந்த பின்பும் மதிப்பை இழக்காத மாறிகளில், இருந்தது.

பொத்தானை அழுத்தும்போது அதன் தொடுமுனை சில மில்லி விநாடிகள் துள்ளும் என்பதால், நிலை மாறாமல் 50 மில்லி விநாடி நீடித்தால்தான் அழுத்தம் உண்மையானது என்று கொள்வது வழக்கம். கடைசியாகப் படித்த நிலையையும் அது மாறிய நேரத்தையும் அடுத்த அழைப்பு வரை காப்பதற்கு ஸ்டாட்டிக் மாறி பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அந்த மாறி செயற்கூறுக்கு ஒன்றுதான். அழைப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று கிடையாது. சிவப்பு அழுத்தப்பட்டு, பச்சை அழுத்தப்படாமல் இருக்கும் வேளையில், ஒரே செயற்கூறு இரண்டையும் மாறி மாறிப் படிக்கும்போது, ஒவ்வொரு முறையும் நிலை மாறிவிட்டதாகவே அதற்குத் தெரிகிறது. நேரம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்படுவதால் அந்த 50 மில்லி விநாடி ஒருபோதும் நிறைவதில்லை. ஓடும் மோட்டாரை நிறுத்த முடியாமல் போவது சிறிய குறையன்று.

ஒவ்வொரு பொத்தானுக்கும் அதன் நிலையையும் நேரத்தையும் சேர்த்து வைக்கும் தனிக் கட்டமைப்பு ஒன்றை அறிவித்து, அதன் நினைவக முகவரியைக் காட்டும் சுட்டியைச் செயற்கூறுக்கு அனுப்புவதே இதற்குச் சரியான வழி. இதை வகுப்பாக, அதாவது தரவையும் செயற்கூறுகளையும் சேர்த்த ஒரு வார்ப்பாக, மாற்றி எழுதுபவர்கள் சிலர், அதன் உறுப்புச் செயற்கூறுக்குள் அந்த ஸ்டாட்டிக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அங்கும் அந்த வார்ப்பிலிருந்து உருவாகும் எல்லாப் பொருள்களுக்கும் மாறி ஒன்றே என்பதால் பழைய பிழை அப்படியே தொடரும்.

அடுத்த தவறு தொடக்க மதிப்பைப் பற்றியது. மோட்டார் ஓடத் தொடங்கி 20 விநாடிக்குள் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொடங்கிய நேரத்தை ஸ்டாட்டிக் மாறியின் அறிவிப்பு வரியிலேயே மில்லிஸ் (பலகை இயங்கத் தொடங்கியதிலிருந்து கடந்த மில்லி விநாடிகள்) மதிப்பாகக் கொடுத்தால், அந்த வரி முதல் அழைப்பில் மட்டுமே நடக்கும். மறுமுறை மோட்டாரைப் போடும்போது பழைய நேரமே இருப்பதால், தண்ணீர் வருவதற்கு முன்பே மோட்டார் நின்றுவிடும். சி மொழியின் தொகுப்பி (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) இதை ஏற்காது. அங்கே தொடக்க மதிப்பு மாறிலியாக இருக்க வேண்டும். ஆர்டுயினோ பயன்படுத்துவது சி++ என்பதால் எச்சரிக்கையின்றி ஏற்றுக்கொள்கிறது. அறிவிப்பைத் தனியாகவும், மோட்டார் போடப்படும் கணத்தில் மதிப்பிடுவதைத் தனியாகவும் எழுத வேண்டும்.

அந்த நேரத்தை இன்ட் என்னும் முழு எண் வகையில் வைப்பதும் கூடாது. இந்த எட்டுப் பிட்டு ஊனோவில் இன்ட் 16 பிட்டு. 32,767 மில்லி விநாடியைத் தாண்டினால் மதிப்பு எதிர்மறையாகிவிடும். எதிர்மறை இல்லாத 32 பிட்டு அன்சைன்டு லாங் வகையும் சுமார் 49.7 நாளில் சுழியத்துக்குத் திரும்பும் என்பதால், மின்சாரம் தடையில்லாமல் வந்தால் நூறு நாளைத் தாண்டும் ஒரு குறுவைப் பருவத்திலேயே அது இரண்டு முறை நிகழ்ந்துவிடும். இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து ஒப்பிட்டால் இதனால் கேடில்லை.

நடக்கும் வேலையை இடைநிறுத்தி ஓடும் குறுக்கீட்டுச் செயற்கூறுக்குள் தண்ணீர் ஓட்டத் துடிப்புகளை ஸ்டாட்டிக்கில் எண்ணினால், அந்த எண்ணிக்கையை வெளியிலிருந்து பெயர் சொல்லிப் படிக்க முடியாது. அதைக் கோப்பு அளவில் வாலட்டைல் (மதிப்பு எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று தொகுப்பிக்குச் சொல்லும்) மாறியாக அறிவிக்க வேண்டும். எட்டுப் பிட்டுச் சில்லு நான்கு பைட்டு எண்ணிக்கையை ஒவ்வொரு பைட்டாகப் படிப்பதால், படிக்கும் அந்தக் கணம் மட்டும் குறுக்கீடுகளை நிறுத்திவைக்க வேண்டும்.

டெல்டாவில் மின்தடையை எண்ணாமல் எந்தக் கருவியையும் வடிவமைக்க முடியாது. ஸ்டாட்டிக் மாறி இருப்பது ரேம் நினைவகத்தில்; மின்சாரம் போய் வந்தால் மோட்டார் ஓடிய மொத்த நேரம் மீண்டும் தொடக்க மதிப்பிலிருந்தே எண்ணப்படும். நிலைக்க வேண்டியதை, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஈஈப்ராமில் எழுதலாம். ஆனால் அதன் ஓர் இடம் ஏறத்தாழ ஒரு லட்சம் எழுதல்களுக்கே உறுதி பெற்றது. விநாடிக்கு ஒருமுறை எழுதினால் 28 மணி நேரத்துக்குள் அந்த எல்லை வந்துவிடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடும் மோட்டாருக்கு அது எட்டு ஆண்டுக்கு மேல் தாங்கும்.