வீடு கட்டியாச்சு, பத்திரத்தை எப்போ மாத்துறது?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் வீட்டு பிளான் வரைந்து நகராட்சியில் போடுவது என் தொழில். போன மாதம் ஒரு இளம் ஜோடி வந்தார்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம், அதில் பென்சிலால் அழகாக ஒரு இரண்டு படுக்கையறை வீடு. பேசி முடிக்கும்போது அந்தப் பெண் கேட்டாள்: "கட்டி முடிச்சதும் பத்திரத்துல எங்க பேரை எப்போ ஏத்தணும் அங்கிள்?"

விண்ணப்பப் படிவத்தைத் திருப்பி, 'உரிமையாளர் கையெழுத்து' என்று இருக்கும் கட்டத்தில் விரலை வைத்தேன். "இதுல யாரு கையெழுத்துப் போடுவாங்க?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன், "அப்பா," என்றான். "இடம் அவர் பேருலதான் இருக்கு. ஆனா பின்பக்கம் உங்களுக்குத்தான்னு சொல்லிட்டாரு."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே வார்த்தையை என் அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பிளான் பாஸ் ஆகாமல் அஸ்திவாரம் தோண்டாதே, முழுப் பணத்தையும் கான்ட்ராக்டர் கையில் முதலிலேயே கொடுக்காதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் மாமாக்கள் இருக்கிறார்கள்.

பத்திரத்தில் வீட்டைத் தேடுவது

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கே மனை வாங்கும் தம்பிகள் பட்டா, சிட்டா, வில்லங்கம் என்று கேட்பார்கள். இங்கே அப்படி எதுவும் கிடையாது. டைட்டில் டீட் என்ற உரிமைப் பத்திரம் ஒன்றுதான். 1937ஆம் ஆண்டின் பத்திரப் பதிவுச் சட்டப்படி அது பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீசில், அதாவது பத்திரப் பதிவு அலுவலகத்தில், பதிவாகியிருக்கும். உங்கள் பத்திரத்தை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். எர்ஃப் எண் (மனை எண்) இருக்கும், டவுன்ஷிப் பெயர் இருக்கும், எத்தனை சதுர மீட்டர் என்று இருக்கும், சர்வேயர் ஜெனரல் வரைபட எண் இருக்கும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இருக்கும். படுக்கையறை எத்தனை, மாடி உண்டா என்று ஒரு வரி இருக்காது.

வீடு கட்டினாலும் அந்தத் தாளில் ஒரு எழுத்து மாறாது. காலி மனைக்கு என்ன பத்திரமோ, அதே மனையில் மாளிகை எழும்பினாலும் அதே பத்திரம்தான். இந்த நாட்டில் வழங்கும் ரோமன்-டச்சு சட்டத்தின் பழைய விதி இது: மண்ணோடு சேர்ந்து நிலைத்துவிட்ட கட்டடம் மண்ணுக்கு உரியவருடையது. செங்கல் யார் வாங்கினார்கள், சிமென்ட் யார் சுமந்தார்கள் என்று அது கேட்காது.

வீட்டைப் பற்றிய கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. பிளான், குடிபுகும் சான்றிதழ், ரேட்ஸுக்கான (நகராட்சிச் சொத்து வரிக்கான) மதிப்பீடு எல்லாம் நகராட்சியில். இரண்டு அலுவலகமும் இரண்டு தனி உலகம். நகராட்சி உங்கள் பிளானைப் பாஸ் செய்துவிட்டது என்பதற்காக டீட்ஸ் ஆபீஸ் உங்கள் பெயரை எங்கும் எழுதாது.

அப்பா மண்ணில் பிள்ளை வீடு

நான் செய்தது இதுதான். சொன்னால் சிரிப்பீர்கள். தொழிலே பிளான் வரைவதுதான், அந்த பிளானை நானே வரைந்தேன்.

இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியேற்றிய குரூப் ஏரியாஸ் சட்டத்தால் கிளப்பப்பட்டு இங்கே வந்து விழுந்த குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. நகராட்சி கட்டிய, நடுச்சுவர் பொதுவான பாதி வீடு. முதலில் வாடகை, பிறகு அப்பா அதைச் சொந்தமாக வாங்கினார். பின்னால் சரிவாக நீளமான இடம். 1997இல் எனக்குக் கல்யாணம் ஆனதும் அப்பா, பெரியப்பா, மாமா எல்லோரையும் உட்கார வைத்து, "அந்தப் பின்பக்கம் உனக்குத்தான்டா. கட்டிக்கோ," என்றார். சபையில் சொன்ன சொல். அதற்கு மேல் காகிதம் எதற்கு?

84,000 ராண்ட் செலவானது. வங்கியில் கடன் கிடைக்கவில்லை. நிலம் என் பேரில் இல்லையே, பாண்ட், அதாவது அடமானம், எதன்மேல் போடுவான்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சேமிப்பு, மனைவியின் நகை, ஸ்டோக்வெல் சீட்டு என்று புரட்டினேன். செங்கலை வாரா வாரம் ரொக்கத்துக்கு வாங்கினேன். பிளானில் உரிமையாளர் கட்டத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்குக் கீழேயே 'வரைந்தவர்' என்று என் பெயர். பல வருஷம் அந்தத் தாளைப் பெருமையாக வைத்திருந்தேன்.

அப்பா 2004இல் காலமானார். உயில் இல்லை. அம்மா முன்னமே போய்விட்டார். நாங்கள் நான்கு பிள்ளைகள். உயில் இல்லாத சொத்தை 1987ஆம் ஆண்டு வாரிசுச் சட்டம் நான்காகச் சமமாகப் பிரித்தது. முன்வீடு மட்டுமில்லை, பின்வீடும்தான். சட்டத்தின் கண்ணுக்கு அங்கே ஒரே ஒரு மனை, அதன்மேல் அப்பாவின் கட்டடங்கள், அவ்வளவே.

பெரியப்பா வந்து சாட்சி சொல்வார் என்று நினைத்தேன். வக்கீல் இல்லை என்று தலையை ஆட்டினார். நில விற்பனை எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்கிறது 1981ஆம் ஆண்டுச் சட்டம். தானம் தருகிறேன் என்ற வாக்குறுதியும் எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டே சட்டம் இருக்கிறது. சபையில் சொன்ன சொல் சபையிலேயே நின்றுவிட்டது.

சரி, போட்ட காசையாவது கேட்கலாமே? கேட்கலாம். ஆனால் நீங்கள் செலவழித்த தொகை ஒன்று, உங்கள் கட்டடத்தால் சொத்தின் மதிப்பு கூடிய தொகை ஒன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. செலவழித்ததற்கு என்னிடம் ரசீது பாதிகூட இல்லை. மதிப்பீடு செய்ய வந்தவரோ பின்வீட்டுக்குப் போட்ட மதிப்பு 60,000.

இன்னொரு குத்தல் யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. இறந்தவரின் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் எக்ஸிக்யூட்டருக்கு வழக்கமான கூலி மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம். மொத்தச் சொத்தில் என் வீடும் சேர்த்தி. நான் கட்டிய வீட்டை அப்பாவுடையது என்று எழுதிய காகிதத்துக்கு நான் கட்டிய வீட்டின் மதிப்பிலேயே கூலி!

ஜோகன்னஸ்பர்க்கில் இருந்த தம்பி விற்றுப் பிரித்துவிடலாம் என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கும் கடன். கடைசியில் மூன்று பேரின் பங்கையும் நானே வாங்கினேன். நான் கட்டிய வீட்டின் முக்கால் பாகத்தை நானே இன்னொரு தடவை விலைக்கு வாங்கினேன் என்று அர்த்தம். பேரம் பேசிய விதத்தில் அக்காவுக்கு வருத்தம். மூன்று தீபாவளிக்கு வீட்டுப் படி ஏறவில்லை.

இப்போது அந்த ஜோடிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பெயர் மாற்றம் என்ற ஒன்று உண்டென்றால் அது முதல் செங்கல்லுக்கு முன்னால். கட்டி முடித்த பிறகு இல்லை. இதில் பண விஷயமும் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் டியூட்டி என்ற பெயர் மாற்ற வரி, கன்வேயன்சர் என்ற பத்திரப் பதிவு வக்கீலின் கட்டணம் இரண்டும் சொத்தின் மதிப்பை வைத்துத்தான் ஏறும். முன்கூட்டியே மாற்றினால் உங்கள் வீடு அந்தக் கணக்கில் வராது. கட்டிய பிறகு மாற்றினால் நீங்கள் கட்டிய சுவருக்கு நீங்களே வரி கட்டுவீர்கள்.

வழிகள் சில. மனையைப் பிரித்துப் புது எர்ஃப் எண் வாங்கலாம். நகராட்சி ஒப்புக்கொள்ள வேண்டும், லேண்ட் சர்வேயர் அளக்க வேண்டும், சர்வேயர் ஜெனரல் வரைபடத்தை ஏற்க வேண்டும். நம் பக்கத்துச் சின்ன மனைகளில் இது பெரும்பாலும் நடப்பதில்லை. அல்லது அப்பா பாதிப் பங்கை உங்கள் பெயருக்குக் கன்வேயன்சர் மூலம் எழுதிக் கொடுக்கலாம். தானமாகக் கொடுத்தால் தான வரி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவும் முடியாவிட்டால் உயிலாவது வேண்டும். உயிலால் வரும் சொத்துக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி கிடையாது. செப்டம்பர் மாதம் உயில் வாரம் வரும், பல வக்கீல்கள் அப்போது சாதாரண உயிலை இலவசமாகவே எழுதித் தருகிறார்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். அந்த இருவரில் ஒருவராக நீங்களோ உங்கள் மனைவியோ கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சாட்சிக்கும் சாட்சியின் துணைக்கும் அந்த உயிலில் வரும் சொத்து போய்விடும் ஆபத்து இருக்கிறது. இந்த ஒரு கையெழுத்தால் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"அப்பாகிட்ட எப்படி இதைக் கேட்கிறது? நம்பிக்கை இல்லையான்னு கேட்பாரே," என்றான் அந்தப் பையன். கேட்கத்தான் செய்வார். என் அப்பாவிடம் நான் கேட்கவில்லை.

பெயர் எழுத்து

1860இல் நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்த நாள் முதல் நம் பெயர்களை யார் யாரோ காதில் விழுந்தபடி எழுதினார்கள். பிள்ளை பில்லே ஆனார், முதலி மூட்லி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். தாத்தாவின் ஒரே பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராயிற்று. அதனால் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, இறப்புச் சான்றிதழில் மூன்றாவது எழுத்து என்று இருப்பது நம் வீடுகளில் அதிசயமே இல்லை.

இதைத் திருத்தலாம். கன்வேயன்சர் மனுவும் பிரமாணப் பத்திரமும் தயார் செய்து டீட்ஸ் ஆபீசில் போடுவார். பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்கும்போது இது சின்ன வேலை.

கல்யாண நிலையையும் பாருங்கள். கோவிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே விட்ட பழைய தம்பதிகளின் பத்திரத்தில் 'மணமாகாதவர்' என்று எழுதியிருக்கும். ஆறு பிள்ளை பெற்ற தாத்தா காகிதத்தில் பிரம்மச்சாரி. பதிவுத் திருமணம் செய்து, கல்யாணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் எதுவும் எழுதாதவர்களுக்கு வேறு கதை: பத்திரத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் பாதி மற்றவருடையது.

எல்லைக் கல்

வேலியை நம்பாதீர்கள். லேண்ட் சர்வேயரை அழையுங்கள்.

பால் காய்ச்சும் நாள்

ஐயரிடம் நாள் குறித்துவிடுவார்கள், நகராட்சி ஆய்வாளரிடம் கேட்க மாட்டார்கள். 1977ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி குடிபுகும் சான்றிதழ் இல்லாமல் குடியேறுவது குற்றம். நீங்கள் எழுதிக் கேட்டு, எல்லாம் பிளான்படி இருந்தால், 14 நாளில் அவர்கள் தர வேண்டும். நாள் நெருங்கிவிட்டது என்றால் தற்காலிக அனுமதி கேட்கவும் அதே பிரிவில் இடமிருக்கிறது. கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

"இத்தனை வருஷம் சான்றிதழ் இல்லாமலே இருந்தோமே" என்பார்கள். உண்மைதான். விற்கும்போதுதான் வாங்குபவரின் வங்கி பாஸ் ஆன பிளானைக் கேட்கும். தரையில் ஒரு வீடு, தாளில் வேறு வீடு என்றால் பேரம் அங்கேயே நின்றுவிடும். பிறகு என்னிடம் ஓடி வந்து, இருக்கும் கட்டடத்துக்கு அவசரமாக பிளான் வரையச் சொல்வார்கள். அதற்கு நான் கூடுதலாகத்தான் வாங்குகிறேன்.

ரேட்ஸ் ஏறுமே என்று பயந்து ஒளிப்பது

ஏறும். 2004ஆம் ஆண்டுச் சொத்து வரிச் சட்டப்படி, மதிப்பு கணிசமாகக் கூடிய சொத்தை நகராட்சி இடையிலேயே துணை மதிப்பீட்டில் சேர்க்கலாம். தாமதமாகக் கண்டுபிடித்தால், மதிப்பு கூடிய நாளிலிருந்து கணக்குப் போட்டு ஒரே பில்லாக நீட்டுவார்கள். மதிப்பீடு அநியாயமாக இருந்தால் கெடுவுக்குள் ஆட்சேபம் எழுத வழி இருக்கிறது. அறிவிப்பைப் பிரிக்காமல் மேசை இழுப்பறைக்குள் போட்டால் அந்தக் கெடுவும் போய்விடும். ரேட்ஸ் பாக்கி இருந்தால் கிளியரன்ஸ் சான்றிதழ் கிடைக்காது, அது இல்லாமல் டீட்ஸ் ஆபீஸ் எந்தப் பெயர் மாற்றத்தையும் தொடாது. அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் 60 நாள்.

பத்திரம் தொலைந்தால்

முதலில் பாண்ட் கொடுத்த வங்கியைக் கேளுங்கள். அனேகமாக அங்கேதான் தூங்கும்.

பத்திரம் உண்மையாகவே மாறும் ஒரு இடம்

செக்‌ஷனல் டைட்டில் வீடுகள், அதாவது மனை பொதுவாகவும் வீடு தனித்தனியாகவும் சொந்தமாகும் வகை. டவுன்ஹவுஸ், ஃபிளாட் வைத்திருப்பவர்கள் தங்கள் பகுதியைப் பெரிதாக்கினால் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அங்கே உங்கள் வீட்டின் சதுர மீட்டரே பதிவில் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி வீட்டு உரிமையாளர்களின் கூட்டமைப்பான பாடி கார்ப்பரேட் சம்மதிக்க வேண்டும், புதுச் செக்‌ஷனல் பிளான் வரைய வேண்டும், சர்வேயர் ஜெனரல் ஏற்க வேண்டும், பிறகு டீட்ஸ் ஆபீசில் பதிவாக வேண்டும். பரப்பு கூடினால் உங்கள் பங்கு விகிதமும் கூடும், மாதப் பராமரிப்புக் கட்டணமான லெவியும் அதோடு கூடும். அந்த மாற்றத்தால் யாருடைய விகிதமாவது 10 சதவீதத்துக்கு மேல் அசைந்தால் பாண்ட் கொடுத்த வங்கிகளின் சம்மதமும் வேண்டும்.

பால்கனியை அடைத்து அறையாக்கிவிட்டு, "உள்ளேதானே செஞ்சேன்" என்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். நகராட்சிக்கான பிளான் வேண்டுமென்றால் மட்டும் என்னிடம் வாருங்கள். செக்‌ஷனல் பிளானுக்கு என் கையெழுத்து செல்லாது, சர்வேயரையோ ஆர்க்கிடெக்டையோதான் பார்க்க வேண்டும்.