இதை மாற்றும் கையெழுத்து யாருடையது? எல்லைப்புற அரசு அலுவலகத்தில் சேஞ்ச் அனலிஸ்ட் வேலை

கேரளாவில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, மூணாறு, பீருமேடு பக்கம் பஞ்சாயத்து, தாலுகா ஆபீஸ், அரசு மருத்துவமனை என எங்கே சேர்ந்தாலும் பிசினஸ் சேஞ்ச் அனலிஸ்டின் வேலை ஒன்றுதான். ஒரு விண்ணப்பம் இப்போது எந்த வழியில் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், எந்த வழியில் போனால் நல்லது என்று வரைய வேண்டும், ஊழியர்களும் மக்களும் புது வழிக்குப் பழகும்வரை கூட நிற்க வேண்டும். தனியார் கம்பெனியில் மேனேஜர் சரி என்றால் மறுநாளே நடைமுறை மாறிவிடும். அரசு அலுவலகத்தில் ஒவ்வொரு படிக்குப் பின்னாலும் ஒரு சட்டமோ விதியோ அரசாணையோ சுற்றறிக்கையோ இருக்கலாம். எதுவுமே இல்லாமல் வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். எது எது என்று பிரிக்கத் தெரிவதுதான் இந்த வேலையின் பாதி.

கோப்பின் பின்னாலேயே போங்கள்

எல்லாச் சேவையையும் ஒரே நேரத்தில் கையில் எடுக்க வேண்டாம். கவுண்ட்டரில் அதிகக் கூட்டம் சேர்க்கிற ஒன்றை எடுங்கள்: கட்டட உரிமை மாற்றமோ, பிறப்புப் பதிவுத் திருத்தமோ. முடிந்துபோன கோப்புகளில் 30 போதும். ஆனால் கிளார்க்கிடம் "முப்பது கோப்பு எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்டால் ஒழுங்காக முடிந்தவைதான் வரும். பதிவேட்டைப் பார்த்துப் பத்துக்கு ஒன்று வீதம் எண்களை நீங்களே குறித்து, அந்தக் கோப்புகளைக் கேளுங்கள். நிராகரித்தவையும் திருப்பி அனுப்பியவையும் அதில் வந்தாக வேண்டும்.

ஒவ்வொரு கோப்பிலும் ஆறு தேதிகளை எழுதுங்கள்: தபால் பிரிவில் பதிவான நாள், செக்ஷனுக்கு வந்த நாள், கிளார்க் முதல் குறிப்பு எழுதிய நாள், நேரடி விசாரணை அறிக்கை வந்த நாள், பஞ்சாயத்துச் செக்ரட்டரி கையெழுத்திட்ட நாள், விண்ணப்பதாரர் கைக்குப் போன நாள். கோப்பில் உண்மையாக வேலை நடந்த நேரம் சில மணிக்குள் அடங்குவதையும், மீதி நாளெல்லாம் அது சும்மா கிடந்ததையும் பெரும்பாலும் பார்ப்பீர்கள். சும்மா கிடந்த இடம் எதுவோ அங்கேதான் உங்களுக்கு வேலை. கிளார்க் எழுதும் வேகத்தைக் கூட்டுவதில் பெரிய பலன் கிடைக்காது.

தாமதத்தைக் கணக்கிட 1961ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி ஒன்றே போதும். நிலுவையில் உள்ள விண்ணப்பங்களை, ஒரு நாளில் முடிகிற எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். 180 நிலுவை, தினம் 12 முடிகிறது என்றால் 15 வேலை நாள். வரத்தும் முடிப்பும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்போது மட்டும் இது பொருந்தும். நிலுவை வாரா வாரம் ஏறுகிறது என்றால் முதலில் வரத்து ஏன் கூடுகிறது என்று பாருங்கள்.

அரசுக் கோப்புகளுக்கான இ-ஆபீஸ், உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் மாதிரி மென்பொருள்களில் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும்தான். கே-ஸ்மார்ட் 2024 ஜனவரி 1 முதல் கேரள நகராட்சி, மாநகராட்சிகளிலும், 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளிலும் வந்தது. ஆனால் "ஒரு ஆவணம் குறைகிறது, கொண்டு வாருங்கள்" என்று போனில் சொன்னது எந்த மென்பொருளிலும் ஏறாது. அதைப் பார்க்க இரண்டு முழு நாள் ஃப்ரன்ட் ஆபீசில் உட்கார வேண்டும். அதில் ஒன்று திங்கட்கிழமையாக இருக்கட்டும். கிளார்க்கின் மேசை இழுப்பறையில் அநேகமாக ஒரு நீள நோட்டு இருக்கும். அதில் விண்ணப்ப எண், போன் நம்பர், "ரேஷன் கார்டு காப்பி பாக்கி", "வரி ரசீது பழசு", "சனிக்கிழமை வருவார்" என்று வரிசையாக எழுதியிருக்கும். மென்பொருளில் இல்லாத கட்டங்கள் எவை என்று அந்த நோட்டு சொல்லிவிடும். அதைக் குற்றமாகப் பார்க்காமல், அனுமதி கேட்டு நான்கு பக்கம் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். புது முறையில் என்னென்ன வேண்டும் என்று சொல்ல, நாங்கள் பார்த்தவரை இதைவிட நல்ல தேவைப் பட்டியல் கிடைப்பதில்லை.

சட்டமா, பழக்கமா?

விண்ணப்பம் போகும் வழியைக் காட்டும் வரைபடத்தில் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் "இது எங்கே எழுதியிருக்கிறது?" என்று ஒரு கட்டம் போடுங்கள். பிரிவு எண்ணோ அரசாணை எண்ணோ கிடைத்தால் அங்கே எழுதுங்கள். கிடைக்காவிட்டால் காலியாகவே விடுங்கள், "வழக்கம்" என்று எழுதி மூடிவிடாதீர்கள். காலிக் கட்டத்தைச் சூப்பரின்டென்டிடம் காட்டிக் கேட்டால்தான் பழைய சுற்றறிக்கை ஏதாவது இருந்தால் வெளியே வரும்.

பிறப்புப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு, பிறந்த 30ம் நாள் வரை தாமதக் கட்டணம், ஒரு வருடம் வரை எழுத்துமூல அனுமதி, அதற்கும் மேலே போனால் மாஜிஸ்திரேட் நிலை அதிகாரியின் உத்தரவு. இது 1969ம் ஆண்டின் மத்தியச் சட்டமும் அதன் விதிகளும். பஞ்சாயத்தோ மாநிலத் துறையோ தானாக அசைக்க முடியாது. உங்கள் வரைபடத்தில் இவை கல்லாக நிற்கும். ஆனால் அதே கவுண்ட்டரில் ஒரே ஆதார் நகலை இரண்டு முறை வாங்குவதும், கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பம் கேட்பதும் வேறு வகை. விண்ணப்ப நடைமுறைகளை எளிதாக்கி, சுயசான்று போதும் என்று கேரள அரசு 2021லேயே முடிவெடுத்தது. அதற்குப் பிறகும் சான்றொப்பம் கேட்டால் அது பழக்கம். செக்ரட்டரியின் ஒரு ஆபீஸ் ஆர்டரில் நிறுத்திவிடலாம்.

இப்படிப் பிரித்த பிறகு வேலையின் வரிசை தானாக வரும். செக்ரட்டரி கையெழுத்தில் முடிவதை முதல் மாதத்தில் முடியுங்கள். துறைத் தலைவரின் சுற்றறிக்கை தேவைப்படும் மாற்றங்களுக்கு முதல் வாரத்திலேயே முன்மொழிவை அனுப்பிவிடுங்கள், அது திரும்பி வர நாளாகும். விதித் திருத்தம் வேண்டியதைத் தனி அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்புங்கள். அதை நம்பி எதையும் வடிவமைக்காதீர்கள். கேரள சேவை உரிமைச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு சேவைக்கும் பொறுப்பு அதிகாரியும் கெடுவும் மேல்முறையீட்டு அதிகாரியும் உண்டு. புது வரைபடத்தில் கடைசிக் கையெழுத்தை வேறொருவருக்கு மாற்றிவிட்டு அறிவிப்பைத் திருத்தாமல் விட்டால், அவர் தரும் உத்தரவு மேல்முறையீட்டில் நிற்காமல் போகலாம்.

பெயர்தான் அதிகம் தடுக்கும்

எல்லைப்புறத்தில் திருத்த விண்ணப்பங்களைப் புரட்டினால் பெயர்ச் சிக்கல் திரும்பத் திரும்ப வரும். 'முருகன்' என்ற பெயரை மலையாளத்தில் ககரம் போட்டு எழுதுவார்கள். அதைப் பார்த்து ஆங்கிலத்தில் g-க்குப் பதில் k போட்டுத் தட்டச்சு செய்தால் 'முருக்கன்' என்று படிக்கிற மாதிரி வந்துவிடும். ஆதாரில் வேறு எழுத்து. மகளின் பள்ளிச் சான்றில் தகப்பன் பெயர் வெறும் இனிஷியல், பிறப்புப் பதிவில் முழுப்பெயர். மென்பொருளில் குடும்பப்பெயர் கட்டாயக் கட்டமாக இருந்தால் ஒருவர் அதில் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் ஊர்ப்பெயரைப் போடுவார். கடைசியில் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார்.

இதற்கு மூன்று விதி வையுங்கள். ஆங்கில எழுத்து ஆதாரிலோ பள்ளிச் சான்றிலோ உள்ளபடி எழுத்துக்கு எழுத்து வர வேண்டும். காதால் கேட்டோ மலையாளத்தைப் பார்த்தோ அடிக்கக் கூடாது. இனிஷியலுக்குத் தனிக் கட்டம் வேண்டும். சேமிக்கும் முன் வரைவை அச்சடித்து விண்ணப்பதாரர் படித்துக் கையெழுத்திட வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்ட வேண்டும். ஒருவருக்கு இதற்கு ஓரிரு நிமிடம் கூடுதலாகும். பிறகு ஒரு திருத்தக் கோப்புக்காகத் தோட்டத் தொழிலாளி லயம் என்ற தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து வருவது மிச்சமாகும்.

தமிழ், கன்னடச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவித்த இடங்களில் அரசு அலுவலகத்துக்கு அவரவர் மொழியிலேயே எழுதவும் அந்த மொழியிலேயே பதில் பெறவும் 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்தது. ஆகவே தமிழ் விண்ணப்பம் வந்தால் யார் படிப்பார், யார் பதில் எழுதுவார் என்பது உங்கள் வரைபடத்தில் ஒரு படியாகவே இருக்க வேண்டும். தமிழ் தெரிந்த ஒரே கிளார்க் விடுப்பில் போனால் என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள். பழைய தமிழ்க் கோப்புகளைக் கணினியில் ஏற்றும்போது எழுத்துருவையும் பாருங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தவை யூனிகோடு அல்ல. மாற்றாமல் ஏற்றினால் திரையில் குப்பையாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது.

தேவையை எழுதும் விதம்

"விண்ணப்பம் சீக்கிரம் முடிய வேண்டும்" என்பதை வைத்து எதையும் கட்ட முடியாது. "ஆவணம் குறைந்தால், பெற்றுக்கொண்ட அன்றே எது குறைகிறது என்ற தகவல் விண்ணப்பதாரரின் போனுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் போக வேண்டும்; கோப்பு 'ஆவணத்துக்காகக் காத்திருப்பு' என்ற நிலைக்கு மாற வேண்டும்" என்று எழுதினால் கட்டலாம், சோதிக்கலாம். ஒவ்வொரு தேவைக்கும் அதைக் கேட்டவரின் பதவியையும், அது சரியாக வந்ததா என்று பார்க்கும் வழியையும் சேர்த்து எழுதுங்கள்.

வரைவை மேலே அனுப்பும் முன் சூப்பரின்டென்ட், ஊழியர்களின் சர்வீஸ் சங்கத்தினர், பக்கத்து அக்ஷயா மையத்துக்காரர், வார்டு உறுப்பினர் எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். அக்ஷயாவை விட்டுவிடுவது பெரிய பிழை: ஆன்லைன் விண்ணப்பங்களை மக்களுக்காகப் போட்டுத் தருவது அவர்கள்தான். அவர்களுக்குத் தெரியாமல் படிவம் மாறினால் முதல் வாரமே பாதி விண்ணப்பம் திரும்பி வரும்.

ஓட்டிப் பார்க்கும் காலம்

மார்ச் வேண்டாம், திட்டச் செலவு முடிக்கும் மாதம். தேர்தல் நடத்தை விதி அமலில் உள்ளபோதும் வேண்டாம். இடுக்கிப் பக்கம் என்றால் மின்சாரமும் நெட்வொர்க்கும் அடிக்கடி போகும் ஜூன், ஜூலை, ஆகஸ்டையும் தள்ளிப் போடுங்கள்.

பழைய பதிவேடும் புது முறையும் சேர்ந்து ஓடுவது இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. வேலை இரட்டிப்பதால் ஊழியர்கள் பகலில் பழைய பதிவேட்டில் எழுதிவிட்டு மாலையில் மொத்தமாகக் கணினியில் ஏற்றுவார்கள். பதிவு நேரங்களைப் பாருங்கள்: பெரும்பாலானவை மாலை 4 மணிக்கு மேல் என்றால் புது முறை இன்னும் கவுண்ட்டருக்கு வரவில்லை. காரணம் பெரும்பாலும் பிடிவாதம் அல்ல. ஸ்கேனர் வேறு அறையில் இருக்கும், அல்லது பயோமெட்ரிக் கருவி ஒன்றுக்கு இரண்டு பேர் காத்திருப்பார்கள். மேசையை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

நெட்வொர்க் போகும் நாளுக்கு 1 முதல் 50 வரை எண்ணிட்ட தற்காலிக ரசீதுப் புத்தகம் ஒன்று கவுண்ட்டரில் இருக்கட்டும். அதில் எழுதியதை மறுநாள் காலை 11 மணிக்குள் ஏற்ற வேண்டும், ஏற்றியவர் அடிக்கட்டையில் கணினி எண்ணை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அடிக்கட்டையில் எண் இல்லாத ரசீது எத்தனை என்று வெள்ளிக்கிழமைதோறும் எண்ணுங்கள்.

30, 60, 90ம் நாள்களில் அதே ஆறு தேதிகளை அதே முறையில் இன்னொரு 30 கோப்பிலிருந்து எடுங்கள். இடையில் செக்ரட்டரிக்கோ செக்ஷன் கிளார்க்குக்கோ மாறுதல் வரும். அதற்காகப் புது நடைமுறையை எண்ணும் தேதியும் உள்ள ஆபீஸ் ஆர்டராக வெளியிட்டு, ஒரு நகலைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் "இந்தத் தேதியோடு மூடப்பட்டது" என்று எழுதி, செக்ரட்டரியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிவிடுங்கள்.