ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் அசிரிய நாட்டைச் சேர்ப்பது எப்படி? முதல்முறை மாட் செய்பவர்களுக்கு

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 என்ற இரண்டாம் உலகப் போர் உத்தி விளையாட்டில் ஒரு புது நாட்டைச் சேர்க்க, அதாவது அதற்கான மாட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் ஃபைல்களின் தொகுப்பு) செய்ய, நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நாட்டைப் பற்றிய தகவல்கள் எல்லாமே சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களில்தான் இருக்கின்றன. நோட்பேட்++, கொடி வரைய கிம்ப், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு இருந்தால் போதும். ஃபைல்களின் பெயர்களும் உள்ளே இருக்கும் சொற்களும் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றை நீங்கள் புதிதாகத் தட்டச்சு செய்யப் போவதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு சின்ன நாட்டின் ஃபைல்களை நகலெடுத்துத் திருத்தப் போகிறோம். அந்த நாடு ஏமன். ஈராக்கை நகலெடுக்கத்தான் கை போகும், ஆனால் அதன் ஃபைல்கள் நீளமானவை, புதியவருக்குத் தலை சுற்றும்.

முதலில் வரலாறு

அசிரியா என்றதும் பழைய பேரரசின் தலைநகர் நினிவே, அரசன் அசுர்பானிபால், சிறகு முளைத்த காளை என்று மனம் பறக்கும். விளையாட்டு தொடங்குவதோ 1936 ஜனவரி 1. நினிவே கி.மு. 612-லேயே விழுந்துவிட்டது. நாம் சேர்க்கப் போவது இருபதாம் நூற்றாண்டு அசிரியர்களை.

முதல் உலகப் போரில் இன்றைய துருக்கியின் ஹக்காரி மலைகளிலிருந்து துரத்தப்பட்ட அசிரியர்கள், பாக்தாதுக்கு அருகே பகூபா அகதி முகாமில் தங்கி, பிறகு வட ஈராக்கில் குடியேறினார்கள். பிரிட்டிஷார் இவர்களில் பலரை ஈராக் லெவி என்ற தங்கள் துணைப்படையில் சேர்த்துக்கொண்டார்கள். மோசூல் யாருக்கு என்று துருக்கியும் பிரிட்டனும் இழுபறி நடத்தியபோது, 1925 டிசம்பரில் சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) அதை ஈராக்குக்குக் கொடுத்தது. 1932-இல் ஈராக் சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அசிரியர்கள் கொல்லப்பட்ட சிமேலே படுகொலை. அதை நடத்திய ராணுவத்தின் தளபதி பக்ர் சித்கி, 1936 அக்டோபரில் பாக்தாதில் ஆட்சியையே கவிழ்த்தார். அசிரியர்களின் கிழக்குத் திருச்சபைத் தலைவரான மறைமுதுவர் மார் ஷிமூன் 23-ஆம் எஷாயின் குடியுரிமை பறிக்கப்பட்டு, அவர் சைப்ரசுக்கு அனுப்பப்பட்டார். மக்களை எங்கே குடியேற்றுவது என்று சர்வதேச சங்கம் பிரேசில், பிரிட்டிஷ் கயானா, சிரியாவின் காப் சமவெளி என்று இடம் தேடி, எதுவும் கைகூடவில்லை. பலர் சிரியாவில் காபூர் ஆற்றங்கரையில் குடியேறினார்கள்.

ஆக, 1936-இல் அசிரிய நாடு என்பது நடக்காத ஒன்று. மோசூல் பகுதியில் பெரும்பான்மை அரபுகளும் குர்துகளும்தான். இதை மறைக்காமல் மாட் செய்தால்தான் விளையாட்டும் சுவாரசியமாக இருக்கும்: ஒரே ஒரு மாநிலம், சின்னப் படை, பக்கத்திலேயே கோபத்தோடு ஈராக். மெசபடோமியா முழுவதையும் தூக்கிக் கொடுக்கும் மாட்களை ஒருமுறை விளையாடினால் மறுமுறை தொட மனம் வராது.

படி 1: மாட், டேக்

விளையாட்டின் லாஞ்சரில் (தொடக்கத் திரையில்) மாட் உருவாக்கும் பட்டனை அழுத்திப் பெயர் கொடுங்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில், பாரடாக்ஸ் இன்டராக்டிவ் என்பதற்குள், விளையாட்டின் 'மாட்' ஃபோல்டரில் உங்களுக்கென ஓர் இடம் உருவாகிவிடும். ஸ்டீம் நிறுவிய அசல் ஃபைல்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கிருந்து நகலெடுக்கலாம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்றெழுத்து டேக் (அடையாளக் குறி) உண்டு. அசல் விளையாட்டின் 'காமன்' ஃபோல்டருக்குள் 'கன்ட்ரி டேக்ஸ்' என்று ஒன்று இருக்கும். அங்குள்ள பட்டியலில் 'ஏ எஸ் ஒய்' என்று தேடிப் பாருங்கள். உங்கள் பதிப்பில் அது ஏற்கெனவே இருந்தால் வேறு மூன்றெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் மாட்டில் அதே பெயர்களில் ஃபோல்டர்களை உருவாக்கி, புதிய பெயரில் ஒரு ஃபைல் வைத்து, டேக்கையும் நாட்டு ஃபைலின் பெயரையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

இங்கே ஒரு விதி. மாட்டில் உள்ள ஃபைலுக்கு அசல் ஃபைலின் பெயரே இருந்தால், அசலை ஒதுக்கிவிட்டு உங்களுடையதை மட்டும் விளையாட்டு படிக்கும். பெயர் வேறாக இருந்தால் இரண்டையும் படிக்கும். டேக் பட்டியலுக்குப் புதுப் பெயர் கொடுங்கள், இல்லாவிட்டால் உலகத்தில் உங்கள் நாடு ஒன்றுதான் மிஞ்சும். மாநில ஃபைலுக்கு நேர்மாறு, அதைக் கீழே பார்ப்போம்.

படி 2: நாட்டு ஃபைல்

'காமன்' ஃபோல்டரின் 'கன்ட்ரீஸ்' பிரிவிலிருந்து ஏமனின் ஃபைலை நகலெடுத்துப் பெயர் மாற்றுங்கள். மத்திய கிழக்குப் படைவீரர்களின் உருவம் ஏற்கெனவே அதில் குறிக்கப்பட்டிருக்கும். வண்ணத்தை மட்டும் மாற்றுங்கள், ஈராக், துருக்கி வண்ணங்களோடு குழம்பாத ஒன்றாக.

படி 3: மாநிலம்

விளையாட்டை டீபக் (பிழை தேட உதவும்) முறையில் திறந்து, வரைபடத்தில் மோசூல் மேல் மவுசை வைத்தால் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று மாநில எண், இன்னொன்று மாகாண எண், அதாவது அந்தச் சின்னத் துண்டின் எண். இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தலைநகரத்துக்கு மாநில எண்ணும், படைகள் நிற்கும் இடத்துக்கு மாகாண எண்ணும் கொடுக்க வேண்டும். முதல் மாட்டில் வரும் சிக்கல்களில் பாதி இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதால்தான்.

'ஹிஸ்டரி' ஃபோல்டருக்குள் 'ஸ்டேட்ஸ்' என்பதில் அந்த மாநில எண்ணோடு தொடங்கும் ஃபைலை, பெயரை மாற்றாமல் அப்படியே உங்கள் மாட்டுக்கு நகலெடுங்கள். பெயர் மாறினால் ஒரே மாநிலத்துக்கு இரண்டு ஃபைல் ஆகிவிடும். உள்ளே உரிமையாளர் வரியில் ஈராக்கின் டேக்குக்குப் பதில் உங்களுடையது. 'கோர்' (இது தன் சொந்த மண் என்ற ஒரு நாட்டின் உரிமை) சேர்க்கும் வரிக்குக் கீழே உங்கள் டேக்கோடு புது வரி ஒன்று. ஈராக்கின் கோர் வரியை அழிக்க வேண்டாம். மோசூலை ஈராக் விட்டுக்கொடுத்துவிட்டதாக யாரும் நம்ப மாட்டார்கள்.

உரிமையாளரை மாற்றாமல் கோர் மட்டும் சேர்த்தால், ஈராக்கிலிருந்து பிறகு விடுவிக்கக்கூடிய நாடாக அசிரியா இருக்கும். வரலாற்றுக்கு அதுதான் நெருக்கம். முதல் நாளிலிருந்தே விளையாட வேண்டும் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை. ஈராக்கின் படைகளைச் சொல்லும் ஃபைல் 'ஹிஸ்டரி'யின் 'யூனிட்ஸ்' பிரிவில் இருக்கிறது. அதில் எந்த டிவிஷனாவது மோசூலில் நின்றால், அந்த ஃபைலையும் அதே பெயரில் நகலெடுத்து, இடத்தைப் பாக்தாத் பக்கமாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஆட்டம் தொடங்கும்போதே உங்கள் வீட்டுக்குள் ஈராக்கியப் படை நிற்கும்.

படி 4: அரசியலும் தலைவரும்

'ஹிஸ்டரி'யின் 'கன்ட்ரீஸ்' பிரிவில் ஏமன் ஃபைலை நகலெடுத்து, பெயரின் தொடக்கத்தில் உங்கள் டேக்கை வையுங்கள். தலைநகரமாக மோசூல் மாநில எண். நான்கு சித்தாந்தங்களுக்கும் உள்ள ஆதரவின் கூட்டுத்தொகை சரியாக 100 வர வேண்டும். நான் நடுநிலைக்கு 70, ஜனநாயகத்துக்கு 25, கம்யூனிசத்துக்கு 5 கொடுப்பேன்.

தலைவர் மார் ஷிமூன்தான், சந்தேகமில்லை. 1908-இல் பிறந்து, 1920-லேயே சிறுவனாகப் பதவிக்கு வந்தவர். நாடுகடத்தப்பட்டவர் திரும்பி வந்துவிட்டார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய விளக்கங்கள் தலைவரை இதே ஃபைலுக்குள் உருவாக்கச் சொல்லும். 2021 நவம்பரில் வந்த 1.11 பதிப்பிலிருந்து 'காமன்' ஃபோல்டரில் 'கேரக்டர்ஸ்' என்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே ஆளை எழுதி, இங்கே பணியில் சேர்க்கும் வரியை மட்டும் போடுவது சுத்தமான வழி. படத்துக்கு விளையாட்டிலேயே இருக்கும் பொது முகம் ஒன்றைக் கொடுத்துவிடலாம்.

ஃபோகஸ் ட்ரீயை, அதாவது நாடு ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும் தேசிய இலக்குகளின் கிளைப்படத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். தனியாக எழுதாத நாட்டுக்குப் பொதுவான ட்ரீ தானாகவே வரும்.

படி 5: படை

ஏமனின் 'யூனிட்ஸ்' ஃபைலை நகலெடுத்து இரண்டு டிவிஷன் மட்டும் வையுங்கள். படி 4-இல் செய்த நாட்டு ஃபைலில் படை ஃபைலின் பெயர் வரும் வரியையும் மாற்ற மறக்காதீர்கள். ஒன்று பயிற்சி பெற்ற லெவிகள், இன்னொன்று மலைக் கிராமத்து ஆட்கள். லெவிகளுக்குத் தொடக்க அனுபவத்தைத் தாராளமாகவே கொடுக்கலாம். 1941 மே மாதம் ஹப்பானியா விமானத் தளத்தை ஈராக்கியப் படை முற்றுகையிட்டபோது தளத்தைக் காத்து நின்றவர்களில் இந்த அசிரிய லெவிகளும் உண்டு.

படி 6: கொடி, பெயர்

கொடி மூன்று அளவில் வேண்டும்: 82×52, 41×26, 10×7 பிக்சல். மூன்றும் டிஜிஏ வகை, 32 பிட், சுருக்கம் இல்லாமல். கிம்ப்பில் ஏற்றுமதி செய்யும்போது ஆர்எல்ஈ என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இன்று அசிரியர்கள் ஏந்தும், நடுவில் நட்சத்திரமும் மூலைகளுக்கு ஓடும் அலைக் கோடுகளும் கொண்ட கொடி 1968-இல் வரையப்பட்டது. 1936-க்குப் பொருந்தாது என்று வாதிடலாம். ஆனால் பார்த்தவுடன் யாருடையது என்று தெரிவதால் நான் அதையே வைப்பேன். 10×7 அளவில் அலைகள் எப்படியும் தெரியாது, அதில் நட்சத்திரத்தை மட்டும் நான்கைந்து பிக்சலில் வரையுங்கள்.

பெயர்களுக்கு 'லோக்கலைசேஷன்' ஃபோல்டருக்குள் ஆங்கிலப் பிரிவு. எந்த அசல் ஃபைலையும் மாதிரியாக வைத்து, உங்கள் டேக்குக்கான வரிகளை எழுதுங்கள். சித்தாந்தம் மாறினால் பெயரும் மாறலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி வரி. சேமிக்கும்போது நோட்பேட்++ என்கோடிங் மெனுவில் யுடிஎஃப்-8-பாம் தேர்ந்தெடுங்கள். அந்த 'பாம்' (ஃபைலின் தொடக்கத்தில் வரும் ஒரு மறைகுறி) இல்லாவிட்டால் வரைபடத்தில் நாட்டின் பெயருக்குப் பதில் டேக்தான் தெரியும். தமிழில் பெயர் வைக்கும் ஆசை வரும், ஆனால் விளையாட்டின் எழுத்துருவில் தமிழ் இல்லை.

படி 7: ஓட்டிப் பார்ப்பது

எல்லாப் படிகளையும் முடித்துவிட்டுக் கடைசியில் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் பிறகு ஒருமுறை திறந்து மூடுங்கள். 'லாக்ஸ்' ஃபோல்டரில் எரர் லாக் என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் உங்கள் டேக்கைத் தேடினால் எந்த ஃபைல், எந்த வரி என்று பெரும்பாலும் சொல்லிவிடும். பல சமயம் மூடாமல் விட்ட ஓர் அடைப்புக்குறிதான் காரணமாக இருக்கும்.

நாட்டைத் தேர்ந்தெடுத்து, ஈராக்கோடு எல்லை சரியா, டிவிஷன்கள் மோசூலில் நிற்கின்றனவா, ஆள் சேர்ப்பு எண்ணிக்கை சுழியமாக இல்லையா என்று பாருங்கள். பிறகு கன்சோலை (கட்டளைகள் தட்டச்சு செய்யும் பெட்டியை) திறந்து டேக் கட்டளையால் ஈராக்குக்கு மாறி, அந்தப் பக்கத்திலிருந்தும் ஓரிரு வருடம் ஓட்டுங்கள்.

விளையாட்டுக்குப் புதுப் பதிப்பு வந்தால், அசலிலிருந்து அதே பெயரில் நகலெடுத்த அந்த இரண்டு ஃபைல்களையும், அதாவது மோசூல் மாநிலத்தையும் ஈராக் படையையும், மறுபடி புதிதாக நகலெடுத்து உங்கள் வரிகளைச் சேர்க்க வேண்டும். மற்றவை பெரும்பாலும் அப்படியே ஓடும்.