பேனல் வழக்கறிஞருக்கு இண்டெம்னிட்டி பாலிசி: வீட்டுக்கடன் மோசடியை எடைபோடுவது எப்படி

வங்கி பேனலில் இருக்கும் வழக்கறிஞர், அதாவது வீட்டுக்கடனுக்கு அடமானமாக வரும் சொத்தின் பத்திரங்களைப் பார்த்து வங்கிக்கு லீகல் ஒப்பீனியன் தருபவர், தன் தொழில் தவறால் வரும் இழப்பீட்டை ஏற்கும் இண்டெம்னிட்டி பாலிசி கேட்டு உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு வந்தால், ஆண்டு வருமானத்தையும் அனுபவத்தையும் மட்டும் வைத்து பிரீமியம் போடாதீர்கள். அண்மையில் அவர் கொடுத்த ஐந்து லீகல் ஒப்பீனியன்களை, கட்சிக்காரர் பெயரை மறைத்து, கோப்போடு காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் தேட வேண்டியது ஒன்றுதான்: பத்திரக் கட்டை யார் கொண்டுவந்தது, அதை இவர் தனியாகச் சரிபார்த்தாரா?

போலிப் பத்திரம் நுழையும் வழி இதுதான். புரோக்கர் தரும் கட்டிலேயே வில்லங்கச் சான்றும் செருகப்பட்டிருக்கும். பாதகமான பதிவு வரும் ஆண்டுகளை விட்டுவிட்டு எடுத்த சான்றாகவும் இருக்கலாம், திருத்தி அச்சடித்ததாகவும் இருக்கலாம். நல்ல கோப்பில், வழக்கறிஞரே பதிவுத்துறை இணையதளத்தில் எடுத்த சான்று தேதியோடு இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவரே மனுப்போட்டு வாங்கிய, பத்திரத்தின் சான்றிட்ட நகலும் இருக்கும். அந்த நகலை வைத்து மூலப் பத்திரத்தின் ஆவண எண், பக்க எண்ணிக்கை, சர்வே எண், நான்கெல்லை ஆகியவற்றை வரிவரியாக ஒப்பிட்ட குறிப்பைக் கேளுங்கள். கலர் ஜெராக்ஸில் தயாரித்த 'மூலம்' பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டும்.

சுத்தமான வில்லங்கச் சான்றை மட்டும் நம்பவும் கூடாது. சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவின்படி பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம் உண்டாகும். எழுதிப் பதியாத ஒப்படைப்பு சான்றில் வராது. அதனால்தான் வங்கிகள் தங்களிடம் உள்ள அடமானங்களைப் பதியும், 2011 முதல் இயங்கும் செர்சாய் (CERSAI) என்ற மத்தியப் பதிவேட்டில் தேடிய அச்சுப்படி கோப்பில் இருக்க வேண்டும். முகவரியை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் என்பதால் சொத்தை வைத்து ஒரு முறை, கடனாளியை வைத்து ஒரு முறை தேடியிருக்க வேண்டும். "மூலப் பத்திரம் தொலைந்துவிட்டது" என்று போலீஸ் சான்றும் நாளிதழ் விளம்பரமும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்த மூலம் வேறொரு வங்கியின் பெட்டகத்தில் இருக்கக்கூடும்.

அடுத்தது பாலிசி கொடுக்கும் தொகையின் வரம்பு. ஒரே பில்டரின் 40 பிளாட்டுக்கு ஒரே நிலத்தை வைத்து 40 ஒப்பீனியன் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பத்திரம் போலி என்றால் நாற்பதும் சரியும். தலைக்கு 30 லட்சம் கடன் என்றால் 12 கோடி. ஒரு சம்பவத்துக்கு 50 லட்சம், ஆண்டுக்கு அதன் நான்கு மடங்கு என்று பாலிசி கொடுத்திருந்தால், ஒரே தவறிலிருந்து வருபவை எல்லாம் ஒரே க்ளெய்ம் என்ற ஷரத்து இருக்கும்போது உங்கள் பொறுப்பு 50 லட்சத்தில் நிற்கும். இல்லையென்றால் 2 கோடி வரை போகும். இந்த ஒரு ஷரத்தை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

ரெட்ரோஆக்டிவ் தேதியையும், அதாவது எந்தத் தேதிக்கு முன் செய்த வேலைக்குப் பாலிசி பொறுப்பேற்காது என்பதையும், யோசித்துப் போடுங்கள். 2016இல் கொடுத்த ஒப்பீனியன் மீது, கடன் வாராக்கடனாகி ஏலத்துக்கு வந்த பிறகு 2024இல்தான் நோட்டீஸ் வரும். மோசடியில் தொடர்புடைய வெளியாட்களைப் பற்றி வங்கிகளுக்குச் சொல்லும் இந்திய வங்கிகள் சங்கத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் வந்ததுண்டா என்பதும் விண்ணப்பத்தில் தனிக் கேள்வியாக இருக்கட்டும்.

க்ளெய்ம் வந்துவிட்டால், எஃப்ஐஆரில் வழக்கறிஞர் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் 'நேர்மையற்ற செயலுக்குப் பணம் இல்லை' என்ற பாலிசி விலக்கைக் காட்டி நிராகரிக்காதீர்கள். கே. நாராயண ராவ் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம், சதியில் மற்றவர்களோடு தொடர்பு இருந்ததற்கு ஆதாரம் இல்லாமல் தவறான ஒப்பீனியனுக்காக மட்டும் வழக்கறிஞர் மீது குற்ற வழக்கு நிற்காது என்றது. கவனக்குறைவா, கூட்டா என்பதைக் கோப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே முதல் கடிதத்திலேயே மூலக் கோப்பைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் வங்கிக்கு எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றும் அதிலேயே எழுதுங்கள்.